பதினோராம் பக்கம்

“ராத்திரி எட்டே கால் இருக்கும். தேங்காய்த்திட்டு ரோடு. முன்னாலயும் ஆள் இல்ல, பின்னாலயும் இல்ல. கழிமுகத்துச் சேத்து நாத்தம்... சரக் சரக்னு என் செருப்புச் சத்தம் மட்டும்.”

ஜெயம் போர்வைக்குள்ளிருந்து பேசினாள். பதினாறு வயசு. 1959 மார்கழி அது. விடிந்தால் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் ரேடியோவுக்கு நாடகம் படிக்கப் போக வேண்டும் என்று, குழுவிலிருந்த மூன்று பெண்களும் முதலியார்பேட்டையில் ராஜாம்பாள் வீட்டிலேயே படுத்திருந்தார்கள். தூக்கம் வராமல் பேய்க் கதை கேட்டவள் சந்திரகலா.

“யாருக்கு நடந்தது? உன் சிநேகிதியோட சித்திக்கா?” என்று அவள் சிரித்தாள்.

“எனக்குத்தான். போன வாரம்.”

சிரிப்பு நின்றது.

“பெரிய மார்க்கெட்டுல மீன் விக்கிற வீராயிக்கா... நீங்க யாரும் பாத்ததில்ல. அவங்க கூவறதைக் கேட்டுட்டு ராமலிங்கம் வாத்தியார் நாடகத்துல நாலு வரி குடுத்தாரு. எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். செதில் சீவிக்கினே ஒரே காலையில மனப்பாடம் பண்ணிட்டாங்க.”

“சரி, பேய் எப்ப வரும்?”

“இருங்கக்கா. பிரதி எடுக்கற வேலை என்னுதுதானே? ரேடியோவுக்குன்னா தாள்ல ஒரு பக்கம்தான் எழுதணும். இடது ஓரம் பேரு, வலதுல வசனம். சத்தத்துக்கெல்லாம் ஒவ்வொரு பிரதியிலயும் தனியா சிவப்பு மை. ஒருத்தர் பேச்சு பாதியில அடுத்த பக்கம் போகக் கூடாது...”

“தாள் புரட்டற சத்தம் மைக்குல கேட்டுடும். எங்களுக்கே பாடமா?” என்றாள் ராஜாம்பாள்.

“முப்பது பக்கமும் முடிச்சப்புறம்தான் பாக்கறேன்... பதினோராம் பக்கத்துல வீராயிக்காவோட நாலு வரி விட்டுப் போயிருக்கு. அதைச் சேத்தா பக்கம் வழியும். அங்கேர்ந்து கடைசி வரைக்கும், கார்பன் வச்சு, திரும்ப எழுதணும். கை வலி. அதெல்லாம் இல்ல... சோம்பேறித்தனம். அப்படியே விட்டுட்டேன். வாத்தியார் கேட்டதுக்கு, அந்தம்மா வர மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி!”

“இன்னும் இருக்கு. அவங்ககிட்ட நேரா சொல்ல வாய் வரல. மங்கலா விழுந்த கடைசிப் பிரதியிலேர்ந்து அந்தப் பக்கத்தை மட்டும் கொண்டு போய்க் குடுத்தேன். ‘எம்பேரு எங்க போட்டிருக்கு பாப்பா?’ன்னாங்க. சிவப்பா இருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். ‘எனக்கு மட்டும் சிவப்பு மையா!’ன்னு... கையைப் புடவையில தொடச்சிக்கினு, அந்த வரியைத் தடவித் தடவிப் பாத்தாங்க.”

“என்னா வரி அது?”

தூரத்தில் மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

“நாய் குரைக்கும் சத்தம்.”

சந்திரகலா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மனசு கேக்கல. சொல்லிடலாம்னுதான் அன்னிக்கு அந்த ரோட்டுல போனேன். வாசல்ல அவங்க பொண்ணு அஞ்சலாட்சி மட்டும் உக்காந்திருந்தா. அம்மா செத்து ஒன்பது நாளாச்சுன்னா. விஷக் காய்ச்சல். ‘கடைசி வரைக்கும் வசனத்தைத்தான் சொல்லிக்கினு கெடந்துச்சு. அந்தத் தாளை மார்மேல வச்சே பொதைச்சோம்க்கா. செவப்பு எழுத்து மேலாப்புல தெரியறாப்போல’ன்னா. குடிக்கத் தண்ணி குடுத்தா. வாங்கிக் குடிச்சேன். ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்.”

“சரி விடு. அழாதே” என்றாள் ராஜாம்பாள்.

“வர்ற வழியில நாளை எண்ணிப் பாத்தேன். அவங்க செத்த அன்னிலேர்ந்துதான் ஒத்திகையில பதினோராம் பக்கம் வந்தா எல்லாரும் நின்னுடறீங்க. ஒரு சத்தம் இருக்காது. பச்சை மீன் வாடை மட்டும் அடிக்கும்... அப்புறம் திடீர்னு நீங்க ஆரம்பிப்பீங்க. ஏன்க்கா நிக்கறீங்க? அந்த எடத்துல ஒண்ணுமே எழுதலியே...”

ராஜாம்பாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“நானா நிக்கறேன்? மூலப் பிரதியை வச்சிக்கினு யார் பேசணும்னு கை காட்டறவ நீதானே. நீ காட்டினாத்தானே நான் பேச முடியும்.”

“நான் காட்டிக்கினுதானே இருக்கேன்...”

“இல்லடி.” ராஜாம்பாளின் குரல் தாழ்ந்தது. “கதவுக்கு வெளியே ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. ‘என் முறை வந்துடுச்சா பாப்பா?’ன்னு. வாத்தியார் புதுசா சேத்த வசனம்னு நெனச்சிக்கினு இருந்தேன். தினமும் கேக்கறாங்க.”

“எனக்கும் கேட்டுது” என்றாள் சந்திரகலா.

“அப்புறம்?” என்றாள் ஜெயம்.

“நீ கதவுப் பக்கம் திரும்பிப் பாக்கறே. இல்லைன்னு தலையாட்டறே. அதுக்கப்புறம்தான் எனக்குக் கையைக் காட்டறே.”