நேரான வால்

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, அதிகாரி ஐயா. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. கண் காயாமல் காப்பது அதுதான். சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்த பிறகு கிருமி சேராமலிருக்க ஒரு காப்புப்பொருளைக் கலப்பார்கள். அது சோப்புக்கு உறவு. கிருமியைக் கிழிக்கும், அடிக்கடி விட்டால் அந்த எண்ணெயையும் கரைக்கும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஹிரோபேவுக்கு முன்பே ஒரு தடவை அதனால் இமை சிவந்து தோல் உரிந்திருந்தது.

எங்கள் யமாதோகோரியாமா ஊரில் தங்கமீன் போட்டிக்கு அவர்தான் நடுவர். வெள்ளைத் தொட்டியை மேலிருந்து ஒரு தடவை பார்த்தால் போதும், மீனின் ஏழு தலைமுறைக் குற்றத்தையும் சொல்லிவிடுவார். என் மீன்களை ஒன்பது ஆண்டுகள் பார்த்தார்.

“என்ன ஓகிதா, இந்த வருசமும் வால் கோணலா? மீனு அப்படியே உன்ன மாதிரியே நடக்குதுய்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது.

நான் மருந்துக் கடைக்காரன். வசந்தத்தில் அவர் கண் வறட்சிக்கான சீட்டோடு வந்தார். காப்புப்பொருள் இல்லாத, ஒரு முறை விட்டதும் எறிந்துவிடும் குட்டிக் குப்பிகளை எழுதியிருந்தார் மருத்துவர். நான் சாதாரணப் புட்டியைக் கொடுத்தேன்.

“அதே மருந்துதானே?”

“மருந்து அதேதாங்க.”

இதில் பொய் இல்லை.

மறுவாரம் வந்தார். “சுள்ளுனு எரியுதுய்யா.”

“எரிஞ்சாத்தாங்க வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

கண்ணுக்குள் பனி கொட்டுவது போல் சுள்ளென்று குத்தும் சொட்டு மருந்தைத் தேடி வாங்கும் ஊர் இது. உடனே நம்பினார். நாளுக்கு நான்கு வேளை பன்னிரண்டு ஆனது. விட்டால் காயும், காய்ந்தால் எரியும், எரிந்தால் மறுபடி விடுவார். எவ்வளவு நேர்த்தியான பொறி, பாருங்கள். நான் புட்டி தீரத் தீரப் புதியது கொடுத்தேன், அவ்வளவுதான். மருத்துவர் தன் சீட்டைப் பார்ப்பார்; புட்டியைப் பார்க்கமாட்டார்.

போட்டி முடியும்வரை கொஞ்சம் மங்கினால் போதும் என்றிருந்தேன். கருவிழி புண்ணாகித் தழும்பு விழுந்தது என் திட்டத்தில் இல்லை. ஏழு மாதம் கொடுத்தது மட்டும்தான் திட்டம்.

புது நடுவர் என் மீனுக்கு முதலிடம் கொடுத்தார். தொட்டியோடு ஹிரோபேவின் வீட்டுக்கே போனேன். குனிந்தார். மூக்கு நீரில் நனையும்வரை குனிந்தார்.

“நீயே சொல்லுப்பா. வால் நேரா இருக்கா?”

உண்மையிலேயே நேராக இருந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது ஆண்டுகள் பாடுபட்டு நேராக்கிய வால்; அதைப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் பார்க்காமல் விட்டுவிட்டார். அவர் எனக்குச் செய்த இந்த அநியாயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.