“சரி சேர்” என்ற இரண்டு சொற்கள்

மதிப்புமிகு தலைவர் பெரியதம்பி அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கார் எப்போது உறுமும் என்று கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் இளையோரே, உங்கள் எல்லோரையும் வணங்கி ஓர் உண்மையோடு தொடங்குகிறேன். நான் பயந்துபோய் நிற்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முப்பத்தைந்து ஆண்டு விஞ்ஞானம் படிப்பித்த வாய்க்கு மேடை ஒரு பொருட்டா? அதோ, நாம் கையால் தள்ளி வந்து மண்டப வாசலில் நிறுத்தியிருக்கிறோமே, மாலை போட்ட அந்தச் சிவப்புக் கார், அதைக் கண்டு வந்த பயம் இது.

தொண்ணூறு வருடங்களுக்கு முந்திய பந்தயக் கார் ஒன்றின் படத்தைப் பார்த்து, வெள்ளவத்தையில் என் வீட்டு முற்றத்தில் நான்கு வருடமாக நான் கட்டிய நகல் அது. எஞ்சின், பழைய வேன் ஒன்றினுடையது. அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி உடலை வளைத்தவன் நான். வெல்டிங் வேலை முழுவதும், ஒருகொடவத்தையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஜாபிருடையது. மாணவர் என்றதும் சின்னப் பையனைத் தேடாதீர்கள். கடைசி வரிசையில் பேத்தியை மடியில் வைத்திருக்கிறாரே, அவர்தான்.

பிறேக் பெடல் செய்த நாள். படத்தில் உள்ளதுபோல மெலிந்த தண்டுதான் வேண்டும் என்றேன். ஜாபிர் அதை எடுத்தார், திருப்பினார், தட்டினார்.

“கொஞ்சம் மெல்லிசா ஈக்கி சேர்.”

“நான் கணக்குப் பார்த்திட்டன் ஜாபிர். வெல்டிங்கை அடியும்.”

“சரி சேர்.”

அடித்தார்.

சரி சேர்! வகுப்பில் “விளங்கினதோ?” என்று கேட்பேன். நாற்பது வாயும் “ஓம் சேர்!” என்று முழங்கும். பரீட்சைத் தாளைத் திருத்தினால் நான்கு பேருக்குத்தான் விளங்கியிருக்கும். தாளில் வந்த பிழைக்குச் சிவப்புக் கோடு போதும். தெருவில் வரும் பிழைக்கு?

போன ஞாயிறு காலை, தனியே ஏறி, காரை எங்கள் வீட்டு ஒழுங்கை வழியே கடலை நோக்கி இறக்கினேன். என்ன அழகு, என்ன அசைவு! முன்னே மரைன் டிரைவ் வீதி. குறுக்கே ஒரு பஸ். அப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் கடல். பிறேக்கை மிதித்தேன். மடக்கென்று பெடல் முறிந்தது. கார் நின்றதா? நிற்கவில்லை. கைப்பிறேக்? இன்னும் பூட்டவில்லை. ஸ்டியறிங்கை ஒரே வெட்டாக வெட்டினேன். மாடி கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணற்குவியலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஓம் தலைவரே, அகற்றச் சொல்லி நான் மாநகரசபைக்குக் கடிதம் எழுதிய அதே குவியல்தான்!

பெடலை மாற்றிவிட்டோம். கைப்பிறேக்கும் பூட்டிவிட்டோம். பிறகேன் பயம்? பேச்சு முடிந்ததும் என் மனைவி ரதியை ஏற்றிக்கொண்டு கொள்ளுப்பிட்டி வரை ஓட்டுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். மத்தியானம் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே ரதி கேட்டார்: “இஞ்சேருங்கோ, பெடல் சரி. மற்றதெல்லாம் ஜாபிர் தானாச் சரியெண்டு சொன்னதோ, நீங்கள் சொல்ல வச்சதோ?”

அந்தக் கேள்வியோடுதான் மேடை ஏறினேன்.

ஆகவே சபையறியக் கேட்கிறேன். ஜாபிர், எழும்புங்கள். என் பக்கத்தில் ஏறப்போவது ரதி. அந்தக் காரில் இன்னும் பிழை இருக்கிறதா? பொறுங்கள், யாரும் கைதட்டாதீர்கள். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

“ஸ்டியறிங் தண்டு சேர். நீளம் காணாதெண்டு நடுவில ஒட்டச் சென்னீங்க. மணல்ல இடிச்சதுல அந்த ஒட்டுல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. இன்டைக்குக் காலைலதான் கண்ட. அதச் செல்லத்தான் வந்த. நீங்க காருக்கு மாலை போட்டுக்கொண்டு, ‘எல்லாம் சரிதானே ஜாபிர்’ எண்டு கேட்டீங்க. ‘சரி சேர்’ எண்டு வாயில வந்துட்டு. மன்னிச்சிக்கோங்க சேர்.”

கேட்டீர்களா? கொள்ளுப்பிட்டி போகும் காலி வீதியின் நடுவே அந்த வெடிப்பு வாய் திறந்திருந்தால்? ஸ்டியறிங் வளையம் என் கையில் சுற்றும், சக்கரம் தன் வழியில் போகும். ரதி... வேண்டாம், அந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

ஜாபிருக்கு என்னிடம் சொல்லப் பயம். எனக்கு ஜாபிரிடம் கேட்கப் பயம். இரண்டு பயமும் கைகோத்து, ஒரு பெண்ணை அந்த இருக்கையில் ஏற்றப் பார்த்தன. நான் நான்கு வருடம் வளர்த்த பிழை அது, அவருடையதல்ல. உங்கள் வீட்டில், நீங்கள் வேலை செய்யும் கந்தோரில், உங்கள் கடையில், உங்கள் முகத்தைப் பார்த்துப் ‘பிழை’ என்று சொல்லக்கூடியவர் யார்? ஒருவருமில்லையா? பயப்படுங்கள், நன்றாகப் பயப்படுங்கள்! ஒருவர் இருக்கிறாரா? அவரைக் கடைசி வரிசையில் விடாதீர்கள். ஜாபிர், பேத்தியோடு மேடைக்கு வாருங்கள். என் நாற்காலியில் இருங்கள்.

ஓட்டம் பார்க்க வந்தவர்கள் பொறுத்தருளுங்கள். இன்று கார் ஓடாது. என்ன ரதி? “நான் நூறாம் நம்பர் பஸ்ஸில போறன்” என்கிறார். நல்லது, நானும் வருகிறேன்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், உண்மையைச் சொன்ன ஒருவருக்கும் என் நன்றி. போகும்போது யாரும் அந்தக் காரில் ஏறாதீர்கள். படம் எடுக்கவும் ஏறாதீர்கள். பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்.