காலி நாற்காலி

தட்டாஞ்சாவடியில் டவுன் பஸ் ஏறிய ஒல்லியான மனிதர், பக்கத்தில் ஒன்றரை ஆள் இடத்தில் அமர்ந்திருந்த தன் மச்சானிடம் சொன்னார்: "போன வருஷம் என்னத் தோக்கடிச்சது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் மச்சான்."

பின் இருக்கையில் இருந்த, மாடிப்படி ஏறவே நாள் நட்சத்திரம் பார்க்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அம்பது கிலோமீட்டர் ஓட்டத்துல நாப்பது ஓடிட்டேன். தண்ணி குடுக்குற எடத்துல சும்மா உக்காந்தேன். அவ்ளோதான், எழுந்திருக்கவே மனசு வரல."

"காலு போயிடுச்சா?"

"காலு நல்லாத்தான் இருந்துச்சி. மனசுதான் வூட்டுக்குப் போலாம்னுச்சி."

"அப்ப இந்த ஞாயித்துக்கெழம ஓட்டத்துல?"

"உன் தங்கச்சி அங்க வரா. 'நாற்காலியில நான் உக்காந்துக்குறேன், நீ நின்னுக்கினே தண்ணி குடிச்சிட்டு ஓடு'ன்னுட்டா."

"அங்க நாலஞ்சி நாற்காலி கெடக்குமே மாப்ள?"

"அதுக்குத்தான் உன்னக் கூப்புடுறேன். புள்ளைங்களையும் கூட்டிக்கினு வா."

"நாங்க வந்து என்ன பண்றது?"

"ஒரு நாற்காலிகூட காலியா இருக்கக் கூடாது. அத மட்டும் பாத்துக்க."

மச்சான் தன் உடம்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வரேன் மாப்ள. மிச்சம் பத்து கிலோமீட்டர நீ ஓடி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."