பந்து உதைக்கிற உத்தியோகம்

— அதெல்லாம் முடியாதுப்பா நூஹு, எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும் விடு.

— அண்ணாச்சி, சைட்டுலேருந்து வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா? டீ போட்டு வச்சிருக்கேன், குடிங்க.

— உன் டீய நீயே குடி. நானும் சாரம் கட்டுறவன், நீயும் சாரம் கட்டுறவன். சவுதி கவர்மெண்டு குடுத்த உன் இகாமா அட்டையில வேலைன்னு அப்பிடித்தான அடிச்சிருக்கு? ஒரு நாளாவது ஒரு பைப்பத் தூக்கியிருப்பியா? ஸ்டோர்ல ஏசிக்கு அடியில ஒக்காந்து நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டிருக்க. நான் ஜுபைல் வெயில்ல கருவாடாக் காயுறேன்.

— கம்பெனி டீமுக்குப் பந்து விளையாடத்தான் என்னைக் கூட்டியாந்தாங்கன்னு இந்த கேம்ப்புக்கே தெரியும். பந்து விளையாடுதவனுக்கு விசா எடுக்க வழியில்லன்னு சாரம் கட்டுதவன்னு போட்டாங்க. நானா கேட்டேன்?

— நீ ஏன் கேக்கப் போற? காயல்பட்டினத்து மைதானத்துல ஒதைச்சவனுக்கு டிக்கெட் போட்டுல்ல கூப்புடுறாய்ங்க! எட்டு வருசம் இந்த டீமுக்கு சென்டர் ஃபார்வர்டு யாரு? இந்தப் பாண்டித்துரை. நாள் பூராம் பைப்புத் தூக்கிட்டு வந்து ஓடுவேன். நீ வந்த, என்னயப் பெஞ்சுல ஒக்கார வச்சுட்டாய்ங்க.

— விட்டேக்கர் சாரோட தாத்தாவுக்கு அப்பாவும் என்னைய மாதிரிதானாம், அண்ணாச்சி.

— வெள்ளக்கார மேனேஜரு குடும்பக் கதையெல்லாம் உங்கிட்ட சொல்றாரா? எங்கிட்ட ஹெல்மெட்ட மாட்டுன்னு மட்டுந்தான் சொல்லுவாரு.

— கேளுங்களேன். அந்தக் காலத்து இங்கிலாந்துல ஒரு பஞ்சாலை ஊரு. பந்து விளையாடக் காசு வாங்கினா அப்போ தப்பாம். அதனால தறி ஓட்டுதவருன்னு பேரு போட்டு ஆலையில சேத்துக்கிட்டாங்களாம். தறி எந்தப் பக்கம் ஓடும்னே மனுசனுக்குத் தெரியாது. சனிக்கிழமையானா கோல் மேல கோல். ஊரே தோள்ல தூக்கிட்டுப் போகுமாம்.

— நெசமாத் தறி ஓட்டுனவன் என்ன பண்ணுனான்? அதச் சொன்னாரா உங்க சாரு?

— பொறாமையில ஒருத்தன் புகார் குடுத்துட்டானாம். டீமையே போட்டியிலேருந்து தள்ளிட்டாங்க.

— அவன் ஆம்பள!

— நம்ம கம்பெனி மேலயும் போன வாரம் ஒரு புகார் போயிருக்கு. சாரம் கட்டுதவன் சாரம் கட்டலன்னு. யாருன்னு தெரியலியாம்.

— என்னத்துக்கு இப்பச் சுத்தி வளைக்கிற? நான்தாண்டா. கேம்ப்பு வாசல்ல ஃபாரூக் கடையில ஒக்காந்து லேபர் ஆபீஸுக்கு ஃபோன்ல புகாரத் தட்டி விட்டேன். என்னாங்குற இப்ப? நீ கோல் போட்டா கேம்ப்பே கத்துது. நானும் கை தட்டுறேன். தட்டிக்கிட்டே, இவன் கால் ஒடியாதான்னு நெனைக்கிறேன். சோறு எறங்க மாட்டேங்குதுடா. என் மூஞ்சியப் பாக்க எனக்கே புடிக்கல.

— கோவமில்ல அண்ணாச்சி. அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன். சார் தாத்தாவோட அப்பாவுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கு.

— ஏன், ஊருக்குப் போகச் சொல்லிட்டாய்ங்களா?

— இல்ல. அங்க புகார் பெருசாகி, இனி ஒளிவு மறைவு வேணாம், விளையாடக் காசு குடுக்கலாம்னு விதியையே மாத்திட்டாங்களாம். அவரு அதுக்கப்புறம் ஊரறியப் பந்துக்காரரு. இங்க நம்ம ஆபீஸும் பயந்துபோயி என்னைத் தம்மாம் ஊருல ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு மாத்தி விட்டுட்டாங்க. இகாமாவுல விளையாட்டு வீரர்னே வருமாம். சம்பளமும் கூட.

— அடப்பாவி! நான் குழி தோண்டுனா, நீ அதுல ஏணி போட்டு மேல ஏறிட்டியா?

— நாளைக்குக் காலையில வண்டி வருது.

— போ, போய்த் தொல. குடுத்து வச்ச பய... ஏய், அப்ப இந்த வெள்ளிக்கெழம ஃபைனலுக்கு ஃபார்வர்டு யாரு?

— உங்களைப் போடுங்கன்னு சார்கிட்ட சொன்னேன். உங்களை விட்டா யாரு இருக்கா?

— நீயா சொன்ன? எனக்காகவா? உன்னயப் போட்டுக் குடுத்தவன்டா நான்... சரி, அந்த டீய இங்கிட்டுக் குடு. ஆறியிருந்தாப் பரவால்ல. ஒரே ஒரு பந்து என் கால்ல வரட்டும், அப்புறம் பாரு! இந்த கேம்ப்பு என் பேரச் சொல்லிக் கத்தி எத்தன நாளாச்சு.

— சாரும் சரின்னுதான் சொன்னாரு. ஆனா...

— என்னடா ஆனா?

— நேத்து நீங்க சைட்டுல இருக்கையில லேபர் ஆபீஸுலேருந்து ஆள் வந்தாங்க. என் ஒருத்தன் இகாமாவ மட்டும் பாத்துட்டுப் போகல. எல்லாருடையதையும் வாங்கிப் பாத்திருக்காங்க. அட்டையில என்ன வேலையோ அதத்தான் இனி பாக்கணுமாம்.

— பாக்கட்டுமே! பதினோரு வருசமாச் சாரம் கட்டுறவனப் பாத்து எவன் என்ன சொல்லுவான்?

— நீங்க வந்தது சமையல்காரர் விசாவுலயாமே, அண்ணாச்சி?

— அது... அன்னைக்கு ஏஜெண்டுகிட்ட அந்த விசாதான் இருந்துச்சு. சும்மா பேருக்குப் போட்டதுப்பா. எனக்கு ரசங்கூட வைக்கத் தெரியாது.

— நாளையிலேருந்து உங்களுக்கு மெஸ்ஸு டூட்டி. அங்க வெள்ளிக்கிழமைதான் பிரியாணியாம் அண்ணாச்சி, அன்னைக்கு மட்டும் யாருக்கும் லீவு கிடையாதாம்.