கண் மட்டும் பாக்கி

— தொடாத அர்ச்சனா! தோள்பட்ட இப்பதான் மாட்டனேன்.

— ஐய, தொட்டா இன்னா மாமா, கோச்சிக்குமா? பொம்மதான?

— பொம்மன்னு சொல்லாத. ரோபோ. தோ பாரு, முட்டிய மடக்கறேன். உள்ள கம்பி மாதிரி ஒண்ணு கூடவே நகருது, தெரியுதா? மேல மூடி போட்டுட்டா அது யாரு கண்ணுக்கும் படாது. ஆனாலும் செஞ்சி வெச்சிருக்கான் ஜப்பான்காரன்.

— யாருக்கும் தெரியாததுக்கு எதுக்கு அவ்ளோ மெனக்கெடணும்?

— அதான்டி மேட்டரே.

— ஆமா, பெரிய மேட்டரு. டிராக்டர் ஓட்டிட்டு வந்து, சேத்துக் காலோட ஒக்காந்து, பெட்டியில துண்டு துண்டா வந்த இத்தினிக்கூண்டு கையும் காலும் மாட்டிக்கினு இருக்க. மடுகரையே சிரிக்குது. கதிரவனுக்கு கல்யாணம் ஆனப்புறம் கொழந்த புத்தி வந்துடுச்சாம்.

— ஊரு சொல்றது கெடக்கட்டும். நீ இன்னா சொல்ற?

— நான் இன்னா சொல்றது... அழகாதான் இருக்குது. ஜன்னல்ல நிக்க வெச்சிருக்கியா, பின்னாடி நம்ம கரும்பு அசையுது. கரும்பு நிக்கற மாதிரியும் இதுதான் நடந்து வர்ற மாதிரியும் இருக்குது.

— எனக்கும் அப்படித்தான்டி. சாப்ட்டுட்டு செத்த கண்ண மூடினா போதும், அது கரும்புக்குள்ள எறங்கிடுது. பூ வுட்ட கரும்பு, அதுக்கு முட்டி வரைக்கும்தான் வருது. ஒரு தோகை ஒடியல. காலு வெக்கற எடத்துல கொக்குங்க மட்டும் எழும்பி எழும்பி ஒக்காருது.

— எங்க போவுது?

— தெரியல. போயிக்கினே இருக்குது. நெஞ்சில ஒரு கதவு இருக்குது பாரு, அதுக்குள்ள நான் ஒக்காந்திருக்கேன். அங்கேருந்து பாத்தா கடலே தெரியுது.

— நான் எங்க இருக்கேன்?

— நீயா? நீ கீழ. வரப்புல நின்னு பாத்துக்கினு இருக்க.

— அதான பாத்தேன்.

— இன்னா, அதான பாத்தேன்?

— ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி. போன் எங்க? கலைச்செல்வன் அண்ணன் சாய்ந்தரம் கூப்புடுவாருல்ல?

— சட்டப் பையிலதான் இருக்குது. கூப்புடட்டும்.

— அவரு உனக்காக சொல்லி வெச்ச மஸ்கட் கம்பெனிக்கு இன்னிக்கு பதில் சொல்லியே ஆவணும்னாரு. இல்லன்னா கிரேன் வேல வேற ஆளுக்குப் போயிடுமாம்.

— ரோபோவ முடிச்சிட்டு சொல்றேன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு வேலய பாதியில வுட்டுட்டு எனக்கு கெளம்ப மனசு வராது.

— அண்ணன் சிரிச்சிருப்பாரே.

— சிரிச்சாரு. எங்கப்பா தெய்வநாயகமும் இப்படித்தானாம், கட்டன வரப்ப முடிக்காம சோத்துக்கு வரமாட்டாராம்.

— ம். வெரல்ல இன்னா மாமா அது? தோலு உரிஞ்சி உரிஞ்சி வருது?

— பசை.

— இதுக்கு பசையே வேணாம், சொடுக்குனு அமுக்கினா புடிச்சிக்கும், புடிக்கலன்னா கழட்டிக்கலாம்னு அம்மாம் பெருமையா சொன்ன?

— செருப்பு பிஞ்சிடுச்சிடி. அத ஒட்டனேன்.

— ஓ... ஆமா, கண்ணு கெடச்சிதா?

— எங்க? பச்சக் கலரு, கண்ணாடி கணக்கா, ஒரு நெல்லு அளவுதான் இருக்கும். வூட்டையே பொரட்டிட்டோமே. கட்டிலுக்குக் கீழ, தொடப்பத்துல, அரிசி முறத்துல கூட பாத்தாச்சி.

— கண்ணு மட்டுந்தான் பாக்கியா? அது போட்டா முடிஞ்சிதா?

— அது போட்டா முடிஞ்சிது. எல்லாம் மாட்டிட்டு, கடைசியா கண்ணு. நம்ம அய்யனாருக்கு தொறந்தாங்களே, அந்த மாதிரி.

— எனக்கு ஞாபகம் இருக்குது. வில்லியனூர்லேருந்து கல்யாணமாயி வந்த புதுசு. திரை கட்டி, எல்லாரையும் தள்ளி நிக்க சொல்லி, எதுக்க கண்ணாடி ஒண்ணு வெச்சாங்க. பசுவும் கன்னும் கொண்டாந்து நிறுத்தினாங்க. மொதப் பார்வ மனுசன் மேல படக்கூடாதுன்னாங்க.

— நீ திரைக்குள்ள எட்டிப் பாத்தியே!

— கண்ணாடில தெரியுதான்னு பாத்தேன். சாமி தெரியல. இந்தாண்ட நீ நின்னுக்கினு என்னையே பாத்துக்கினு இருந்த. அதான் தெரிஞ்சிது.

— ஹ்ம்.

— சிரிக்காத. நேத்து என் கனவுலயும் இது வந்துச்சி மாமா.

— ரோபோவா? இன்னா பண்ணுச்சி?

— மழ பெஞ்சி வுட்ட மாதிரி தெருவெல்லாம் தண்ணி. கண்ணு இல்லாம தடவித் தடவி, வூடு வூடா கதவத் தட்டுது. யாரும் தொறக்கல. நம்ம வூட்டுக்கு வந்துது. குனிஞ்சி, என் எதுக்க கைய நீட்டுது.

— நீ இன்னா பண்ண?

— முழிச்சிக்கினேன்.

— பயந்துட்டியா?

— பாவமா இருந்துச்சி.

— அர்ச்சனா, ஒண்ணு கேக்கறேன். மஸ்கட்னு பேச்சு வந்ததுலேருந்து நீ ஒரு வார்த்த சொல்லல.

— உன் இஷ்டம்னு சொன்னேனே.

— அது ஒரு வார்த்தையா? காபியா டீயான்னு கேட்டா சொல்ற மாதிரி!

— வேற இன்னா சொல்ல சொல்ற? போன்னு சொன்னா, இவளுக்கு என் மேல ஆச இல்லன்னுவ. போவாதன்னு சொன்னா, நாளைக்கு டிராக்டர்ல ஏறும்போதெல்லாம், இவளாலதான நான் கிரேன் ஏறலன்னு நெனப்ப. வாய் தொறந்து சொல்லமாட்ட. உள்ளேயே வெச்சிக்குவ. அந்த மூஞ்சிய பாத்துக்கினு என்னால குடும்பம் நடத்த முடியாது மாமா. சின்ன வயசுலேருந்து நீ ஒசரத்துல ஏறணும்னு அலைஞ்சவன். எனக்குத் தெரியாதா?

— அழுவறியா?

— இல்ல. டீயோட ஆவி.

— டீ ஆறி எவ்ளோ நேரம் ஆவுது.

— அட போ மாமா... தோ, போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— கலைச்செல்வன் அண்ணன்தான். எடு.

— இன்னும் முடியலையே. கண்ணு பாக்கி இருக்குதே.

— கைய நீட்டு.

— இன்னாத்துக்கு?

— நீட்டு சொல்றேன். இந்தா.

— இது...

— இன்னா பாக்கற? கண்ணுதான். பச்சக் கண்ணு. நீ அந்தப் பெட்டிய பிரிச்ச அன்னிக்கே எடுத்து, மூக்குத்தி டப்பால போட்டு வெச்சிட்டேன். இது இல்லன்னா நீ முடிக்கமாட்ட, முடிக்கலன்னா நீ பதில் சொல்லமாட்டன்னு... பைத்தியக்காரத்தனந்தான். திட்டு.

— திட்டல.

— திட்டிடு மாமா. நீ பேசாம இருந்தாதான் எனக்கு பயமா இருக்குது.

— ஏன் இப்ப எடுத்துக் குடுக்கற?

— அது வந்து கைய நீட்டுச்சே, அதான். கண்ணு தெரியாத ஒண்ண எத்தினி நாளு தெருவுல நிக்க வெக்கறது? போட்டு வுடு. நீயும் போயிட்டு வா. நான் வரப்புலயே நிக்கறேன், பரவால்ல. போன் நிக்கப் போவுது, சீக்கிரம் போடு.

— போட முடியாதுடி.

— ஏன்? சின்னதா இருக்குதா? நான் வேணா வெளிச்சம் அடிக்கறேன்.

— கண்ணு கடைசின்னு உன்கிட்ட சும்மா சொன்னேன். சாமிக்குத்தான் அது கடைசி. இதுக்கு மொதல்ல கண்ண வெச்சிட்டுத்தான் தலைய மூடணும்.

— அதுக்கு இன்னா? தலைய கழட்டு, உள்ள வெச்சிட்டு மாட்டு. சொடுக்கு போட்டதுதான?

— ஊக்கு தேடும்போது உன் மூக்குத்தி டப்பால இந்தக் கண்ணப் பாத்தேன் அர்ச்சனா, அன்னிக்கே தலைய மூடி, கழட்ட முடியாதபடிக்கு பசை போட்டு ஒட்டிட்டேன்.