கண் திறந்த ஜெபம்

நாத்தனார்: மாட்டேன் அண்ணி. கை எப்படி நடுங்குது பாருங்க. இந்தக் கையோட மேடையில நின்னா, பேய் ஓட்டுறேன்னு நினைப்பாங்க.

அண்ணி: நினைக்கட்டும். ஓடினா நல்லதுதானே? முதல்ல வளையலைக் கழட்டு.

நாத்தனார்: எதுக்கு? ஆசையா போட்டுட்டு வந்தேன்.

அண்ணி: கை மட்டும்தான் தெரியணும். மினுமினுன்னு வளையல் ஆடினா கண்ணு அதுக்குத்தான் போகும். அதுக்காகத்தானே கறுப்புச் சட்டையே போடச் சொன்னேன்... என்ன முணுமுணுக்கிற? குனிஞ்சுக்கிட்டுப் பேசாத. என்னைப் பார்த்துச் சொல்லு.

நாத்தனார்: வளையல் வரமாட்டேங்குதுன்னு சொன்னேன்.

அண்ணி: இப்படிக் குடு. காது கேட்காத தையல்காரர் வாரா வாரம் சபைக்கு வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போறாரேன்னு அழுதது யாரு? அவர் கடையே கதின்னு கிடந்து சைகை கத்துக்கிட்டது யாரு? பிரசங்கத்தைப் பக்கத்துல நின்னு கையால சொல்றேன்னு போதகர்கிட்டப் போய்க் கேட்டது...

நாத்தனார்: நான்தான், நான்தான். கேட்கும்போது போதகர் மட்டும்தான் இருந்தார். இப்போ எட்டிப் பாருங்க, சபையே நிரம்பி வழியுது. எல்லாருக்கும் நீங்கதான் சொல்லி அனுப்பினீங்களா?

அண்ணி: ஒரு ரெண்டு பேர்கிட்ட சொன்னேன்... பெருமையா இருந்துச்சு, சொன்னேன். அதுக்கு என்ன இப்போ? போன வாரம் ஒத்திகைன்னு சொல்லி ஓரமா நின்னு செஞ்சியே, நல்லாத்தானே இருந்துச்சு?

நாத்தனார்: நிஜமாவா?

அண்ணி: நிஜமா. ஜெபத்துல மட்டும் கோட்டை விட்டுட்டே.

நாத்தனார்: என்ன செஞ்சேன்?

அண்ணி: போதகர் ஜெபம் பண்ணுவோம்னார். நீ பாட்டுக்குக் கண்ணை மூடி, கையைக் கூப்பி நின்னுட்டே. கை ரெண்டும் கூப்பியிருந்தா அவருக்கு யாரு சொல்றது? பாவம், ஆமென் வரைக்கும் உன் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார்: ஐயோ... பழக்க தோஷம் அண்ணி. சின்ன வயசுல இருந்து ஜெபம்னா கண்ணு தானா மூடிக்குது... ஆமா, இதை உங்களுக்கு யாரு சொன்னா?

அண்ணி: யாரு சொல்லணும்? நான்தான் பார்த்தேனே.

நாத்தனார்: ஓ...

அண்ணி: என்ன ஓ?

நாத்தனார்: ஒண்ணுமில்ல. ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடியிருந்தோமே...

அண்ணி: அது... கண்ணுல ஏதோ தூசி. திரும்பு அந்தப் பக்கம், முடியைக் கட்டி விடுறேன்.

நாத்தனார்: மெதுவா அண்ணி... வலிக்குது... அண்ணி, வலிக்குதுன்னு சொல்றேன்... அண்ணி...

அண்ணி: ஏன் தலையை ஆட்டிக்கிட்டே இருக்க? ஒழுங்கா நில்லு... ம், முடிஞ்சுது. போய் நில்லு, பாட்டு முடிஞ்சிருச்சு.

நாத்தனார்: எங்க முடிஞ்சுது? சுவரே அதிருது, இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்காங்க. இருங்க, தையல்காரர் வந்துட்டாரான்னு பார்த்துட்டு ஓடி வரேன்...

அண்ணி: சீக்கிரம்... என்ன, முகமே மாறிப்போச்சு? வந்துட்டாரா?

நாத்தனார்: வரல.

அண்ணி: என்ன சொல்ற?

நாத்தனார்: அவர் வரல அண்ணி. நல்லதாப் போச்சு, தப்பிச்சேன். என் பையை எடுங்க, நான் வீட்டுக்குக் கிளம்புறேன்.

அண்ணி: வாசலைத் தாண்டினே, காலை உடைச்சிடுவேன். போய் மேடையில நில்லு.

நாத்தனார்: நின்னு? காது கேட்கிறவங்களுக்கெல்லாம் கையை ஆட்டிக் காட்டவா?

அண்ணி: நில்லுன்னா நில்லு.

நாத்தனார்: யாருக்காக அண்ணி?

அண்ணி: எனக்காக...

நாத்தனார்: உங்களுக்காகவா?

அண்ணி: எனக்காக நில்லுடி. இடது காது போயி ஒரு வருஷம் ஆகுது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டு இருக்கு. தொண்டை சரியில்லைன்னு சொல்லிப் பாட்டுக் குழுவை விட்டேனே... தொண்டைக்கு என்ன கேடு? சுருதிதான் கேட்கல. கிட்ட நின்னா உதட்டைப் பார்த்துச் சமாளிச்சுடுறேன். போதகர் மைக்கை வாயோட ஒட்டி வச்சுக்கிட்டுப் பேசுறார், ஒரு வார்த்தை புரியல. நீ கண்ணாடி முன்னாடி சைகை பழகும்போதெல்லாம் கதவோரம் நின்னு நானும் பழகினேன். போன வாரம் உன் கையைப் பார்த்து, பிரசங்கம் பாதியாவது புரிஞ்சுது. வீட்டுக்குப் போய் அழுதேன், சந்தோஷத்துல.

நாத்தனார்: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா பாவம்னு சொல்லி ஓரமா உட்கார வச்சிடுவாங்க. ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம், போய் ஓய்வெடுங்கன்னுவாங்க. எனக்கு அந்த வகுப்பு வேணும்டி. பயமா இருக்கு... நீ எதுக்கு இப்போ சிரிக்கிற?

நாத்தனார்: கண்ணைத் துடைச்சுட்டு என் உதட்டைப் பாருங்க. உங்க வாயாலேயே வரட்டும்னு சபைக்குள்ள நின்னு ஒரு பொய் சொல்லிட்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். தையல்காரர் அப்பவே வந்தாச்சு. ஜெபத்துல தன்னை மாதிரியே, ஆமென் எப்போன்னு தெரியாம கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிக்கிற இன்னொரு ஆளை, நான் சைகை கத்துக்கிறதுக்கு முன்னாடியே எனக்குக் காட்டினது அவர்தான். அன்னைக்கு நான் அழுதது அவருக்காக மட்டும் இல்ல அண்ணி... வாங்க, முதல் வரிசையில தன் பக்கத்து நாற்காலியில துண்டைப் போட்டு, ஒருத்தரையும் உட்கார விடாம உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கார்.