மிதுனுக்கு நான் செய்துகொடுத்த சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் சைக்கிள் மிதிக்கப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று என் மனைவி கரோலின் நம்புகிறாள். அவள் அப்படியே நம்பட்டும் என்று பதினோரு மாதம் விட்டுவைத்தேன். ஐயா, நீங்கள் வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் லியோ. வயது நாற்பத்திரண்டு. வீடு துடியலூரில். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரிபாகம் வார்க்கும் ஒரு பவுண்டரியில் பதினாறு வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். வார்ப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். லாரி வாசலில் நின்றாலும் சரி, முதலாளியே வந்து கேட்டாலும் சரி, ஒதுக்கியதைத் திரும்ப எடுக்க மாட்டேன்.

சரவணம்பட்டியில் ஞாயிறு காலை கூடுகிற சைக்கிள் குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். மிதுன் அவர்களில் ஒருவன். முப்பத்தொரு வயது. அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். மனைவி பிரவீனா, நாலு வயதில் கனிஷ்கா என்று ஒரு மகள். கூடப் பிறந்த அண்ணனிடம் பழகுவது போல என்னிடம் பழகினான். ஓட்டினால் எங்கள் எல்லோரையும் விட வேகமாக ஓட்டுவான், ஆனால் அவன் வைத்திருந்தது கனமான பழைய இரும்பு சைக்கிள். கார்பன் இழையில் செய்த, எடை குறைந்த சைக்கிள் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பெயர் பெற்ற கம்பெனியின் சைக்கிள் என்றால் அந்த விலைக்கு ஒரு பழைய கார் வாங்கிவிடலாம்.

நான்தான் சொன்னேன். பெயரில்லாத கார்பன் ஃபிரேம் சீனாவிலிருந்து வருகிறது, ஸ்டிக்கர் இல்லாததுதான் குறை, மற்ற சாமான்களை இங்கேயே வாங்கி நானே பூட்டித் தருகிறேன் என்றேன். டீக்கடையில் எல்லோரும் நின்றிருக்கும்போது சொன்னேன். எங்கள் குழுவில் மூத்தவர் சகாயம் அண்ணன், காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் சிரித்தார்.

"பேரில்லாத சாமானுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

"நான் பொறுப்பு," என்றேன்.

எனக்கு அப்போது நன்றாக இருந்தது. பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் யாரும் என்னை அப்படிப் பார்ப்பதில்லை. அங்கே நான் வேலையைக் கெடுக்கிறவன்.

ஆறு வாரத்தில் அட்டைப்பெட்டி வந்தது. கறுப்பாக, ஓர் எழுத்துக்கூட இல்லாமல் ஃபிரேமும் ஃபோர்க்கும் இருந்தன. கையில் தூக்கிப் பார்த்த மிதுன், "ஏனுங்ண்ணா, இது காத்துல பறந்துறாதுங்களா?" என்றான். மூன்று சனிக்கிழமை மதியம் என் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சேர்ந்து செய்தோம். கேபிளை ஃபிரேமுக்குள் நுழைத்து மறுமுனையில் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அவன் பொறுமையாக டார்ச் பிடித்தான். ஒரு வாரம் கனிஷ்காவையும் கூட்டிவந்தான். குழந்தை ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஃபிரேமில் ஒட்டி, "இப்ப பேரு இருக்குதுங்க மாமா," என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை நடந்ததை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை. அதன் மேல்பகுதி ஒரு குழாயாக நீண்டு ஃபிரேமுக்குள் ஏறி மேலே வரும். அந்தக் குழாயைத்தான் ஹேண்டில்பார் கவ்விப் பிடித்திருக்கும். கவ்வுகிற போல்ட்டை அளவாக இறுக்க வேண்டும். கார்பன் இரும்பு மாதிரி இல்லை, கூடுதலாக இறுக்கினால் நசுங்காது, விரிசல் விடும். அளவு காட்டுகிற ஸ்பேனர் எங்கள் பவுண்டரியில் இருக்கிறது. எடுத்துவர மறந்துவிட்டேன். மிதுன் கேட்டான்.

"திங்கக்கிழமை கொண்டுவந்து செஞ்சுக்கலாங்களாண்ணா? அவசரமில்லீங்க."

"பதினாறு வருசக் கைடா இது. இதுக்கு ஸ்பேனர் வேற எதுக்கு?" என்றேன்.

போனில் யாரோ கூப்பிட அவன் கேட் பக்கம் போனான். நான் இறுக்கினேன். இன்னும் கால் சுற்று என்று நினைத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. போல்ட்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு டார்ச் அடித்தேன். குழாயில் நக நீளத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு. விரலை ஓட்டிப் பார்த்தேன். விரலில் தட்டியது.

அவன் முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் இருந்திருக்கும். புது ஃபோர்க் வர இன்னும் ஆறு வாரம். அடுத்த நாள் ஞாயிறு, சைக்கிளைப் பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். சகாயம் அண்ணன் சிரிப்பார். சாமான் உடைந்து வந்தது என்று சொல்லலாம்தான், ஆனால் மூன்று வாரம் கூடவே இருந்து பார்த்தவன் மிதுன். என் கைதான் உடைத்தது என்று அவன் புரிந்துகொள்வான். புரிந்துகொண்டு, "பரவாயில்லீங்ண்ணா," என்பான். எனக்கு அதைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது. கோட்டின் மேல் ஒரு வளையத்தை இறக்கி மறைத்து, ஹேண்டில்பாரை மாட்டி, இந்த முறை அளவாக இறுக்கினேன்.

அவன் திரும்பி வந்தான். "டைட்டா இருக்குங்களாண்ணா?"

"கல்லு மாதிரி இருக்கு. ஓட்டு."

கொஞ்ச நேரத்தில் பிரவீனா டிபன் பாக்ஸில் ஒப்புட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவரு இறக்கத்துல ரொம்ப வேகமாப் போறாருங்க. இது தாங்குமுங்களா?" என்றாள்.

"பயப்படாத அம்மணி. என் கையால செஞ்சது."

ஒப்புட்டு சூடாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

புது ஃபோர்க் ஒன்று வரவழைத்து, ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. அந்த வாரம் ஆர்டர் போடவில்லை. அடுத்த வாரம் மிதுன் குழுவில் முதலாவதாக வந்தான். அதற்கடுத்த வாரம் சகாயம் அண்ணனே சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "லியோ, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க," என்றார். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். உடைவதாக இருந்தால் இந்நேரம் உடைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். என் வேலையில் அப்படி ஒருவன் சொன்னால் அவனை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் மிதுன், "முன் பிரேக் புடிச்சா கட்டுக்கட்டுனு ஒரு சத்தம் வருதுங்ண்ணா," என்றான். சைக்கிளை வாங்கி, பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. "பேரிங் லூசாயிருக்கு," என்று சொல்லி மேல் போல்ட்டை இறுக்கிக் கொடுத்தேன். சத்தம் நின்றுவிட்டது. "உங்க கைராசி தனிங்ண்ணா," என்றான்.

எட்டாவது வாரம் கோத்தகிரிக்குப் போனோம். சைக்கிள்களைக் காரில் ஏற்றி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ஏறினோம். மேலே மற்றவர்கள் டிபன் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் பள்ளியில் விழா என்று மிதுன் சீக்கிரம் இறங்க வேண்டும் என்றான். நான் துணைக்கு வந்தேன். குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவு. எதிரே ஒரு பிக்கப் வண்டி காலி கேரட் பெட்டிகளோடு, தன் பக்கத்திலேயே, மெதுவாக ஏறி வந்தது. மிதுன் வளைவுக்காக பிரேக் பிடித்தான். ஹேண்டில்பார் அவன் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடியே பறந்துபோய் ஓரச் சுவரில் தலை மோதினான். பிக்கப் அவனைத் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்றுவிட்டது.

ஓட்டிவந்தவர் பொங்கியண்ணன். ஐம்பத்தெட்டு வயது, காரமடைக்காரர், சொந்த வண்டி. நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் அவர் ஓடிப்போய் மிதுனைத் தூக்கியிருந்தார். வண்டியின் பின்னால் இருந்த பெட்டிகளைச் சாலையில் தள்ளிவிட்டு, தன் போர்வையை விரித்து, அவனைப் படுக்கவைத்தார். சைக்கிள்களையும் அவரே எடுத்துப் போட்டார். நான் மிதுனின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கும்போது கண்ணாடி வழியாக, "கண்ணு, தூங்கிறாத கண்ணு, வந்துட்டோம்," என்று கத்திக்கொண்டே வந்தார்.

மிதுனுக்கு நினைவு இருந்தது. "அண்ணா, ஹேண்டிலு..." என்றான்.

"பேசாத," என்றேன்.

மறுபடி, "கழண்டு..." என்றான்.

"பேசாத மிதுன், பேசாத."

அவன் தெம்பு வீணாகக் கூடாது என்று நான் சொல்வதாகப் பொங்கியண்ணன் நினைத்தார். அதற்குப் பிறகு மிதுன் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் இருந்தான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் எப்படி நடந்தது என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். வாசலில் பிக்கப் நின்றிருந்தது. முன் பம்பரில் ஏதோ பழைய நசுங்கல். என் கண் அதன்மேல் போனது. "வண்டி சைடு ஏறி வந்துச்சுங்க," என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வரிதான். மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

பொங்கியண்ணன் எனக்காக டீ வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். கேட்டுவிட்டு டம்ளரோடு நின்றார். "ஏனுங் தம்பி, நான் எம்பட சைடுலதானுங்க வந்தேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நான் சரி பண்ணிவிடுவேன் என்பது போலச் சொன்னார். நான் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிற ஆளைத் தொந்தரவு பண்ணாதீங்க என்று அவரை வெளியே கூட்டிப்போனார்கள். டீயை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் மேல் வழக்குப் பதிவானது. லைசென்ஸ் போனது. வண்டியை விற்றுவிட்டு ஒரு நூல் மில்லில் காவலாளியாக இருக்கிறார். மிதுன் வீட்டில் எல்லா வேலையும் நான்தான் செய்தேன். இறப்புச் சான்றிதழ், இன்சூரன்ஸ், கனிஷ்காவின் பள்ளி மாற்றம். பிரவீனாவின் மாமனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எந்த விசேஷமானாலும் எனக்குத்தான் முதலில் இலை போடுகிறார்கள். கூப்பிட்டபோதெல்லாம் போனேன்.

போன மாதம் கோர்ட் வராண்டாவில் பொங்கியண்ணன் பிரவீனா முன்னால் வந்து கை கூப்பினார். "அம்மணி, அந்தத் தம்பி சொல்றாருன்னா நாந்தான் சைடு ஏறியிருப்பேனுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க," என்றார். அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு என்னிடம், "பார்த்தாப் பாவமா இருக்குதுங்ண்ணா. கேஸை விட்டுற முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"சட்டப்படி நடக்கட்டும் அம்மணி," என்றேன்.

நேற்று சாயங்காலம் பொங்கியண்ணன் எனக்குப் போன் செய்தார். நம்பரை யாரிடமோ கெஞ்சி வாங்கியிருக்கிறார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அடுத்த வாய்தாவுல தப்பை ஒத்துக்கலாம்னு இருக்கறேனுங்க. எத்தனை அடி சைடு ஏறுனேன்னு கேட்டா சரியாச் சொல்லோணுமல்லங்க. எனக்கு எத்தனை யோசிச்சும் ஞாவகம் வரமாட்டேங்குது. நீங்க பார்த்தீங்கல்ல?"

நான் பதில் சொன்னேன். "ரெண்டடி இருக்குமுங்க," என்றேன்.

"ரெண்டடிங்களா. செரிங் தம்பி. ரெண்டடி," என்றார். மனப்பாடம் செய்வது போல இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனை வைத்தார்.

காலையில் கரோலினிடம் ஒன்றும் சொல்லாமல் இங்கே வந்தேன். சைக்கிள் உங்கள் ஸ்டேஷன் கொட்டகையில்தான் கிடக்கிறது. ஃபோர்க் உடைந்த இடத்தைப் பாருங்கள். விளிம்பில் ஒரு பகுதி கறுத்து அழுக்கேறியிருக்கும், மீதி புதிதாக இருக்கும். அழுக்கேறியது பழைய கீறல். நான் போட்டது. பொங்கியண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்ன வரி பொய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் தோன்றாது. இறக்கத்தில் எப்போதும் நான்தான் முன்னால் போவேன், மிதுன் என் பின்சக்கரத்தை ஒட்டியே வருவான். அன்றைக்கு மேலே கிளம்பும்போது, "நீ முன்னால போ மிதுன்," என்று சொன்னேன். அண்ணன் வழி விட்டுவிட்டார் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். முதல் வளைவிலிருந்தே இரண்டு கையையும் பிரேக்கில் வைத்தபடி, அவன் விழுந்தால் அவன்மேல் நான் ஏறிவிடாத தூரத்தில் வந்துகொண்டிருந்தேன்.